கல்லில் கட்டிய கப்பல்

உவரியிலிருந்து முதல் பஸ்.
திசையன்விளையில் மாறி ஏறினோம்.
நாங்குநேரி தாண்டியதும் பிரகாசி தூங்கிவிட்டாள்,
மஞ்சள் பையை வயிற்றோடு அணைத்தபடி.
கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில்
கையெழுத்துப் போடவேண்டியவர்
சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவாராம்.

வெயிலுக்கு ஒதுங்கத்தான் பாளையங்கோட்டை வந்து
அந்த மண்டபத்துக்குள் நுழைந்தோம்.
பதினைந்து நாள் அருங்காட்சி: வடகடல் கப்பல்கள்.
ஆளுக்கு இருபது ரூபாய்.
உள்ளே ஏசி இருந்தது. அதற்கே கொடுக்கலாம்.

நடுவில் நின்றது அது.
பாதி அளவில் செய்ததாம்.
பாதியே எங்கள் வள்ளங்கள் மூன்றை விழுங்கும்.
அணியம் மேலே போய்ப் பாம்புபோலச் சுருண்டிருந்தது.
பலகைமேல் பலகை ஏறி உட்கார்ந்து,
ஏறிய இடமெல்லாம் இரும்புக் குமிழ்,
சந்தில் தாரில் முக்கிய ஆட்டு ரோமம்.

நான் பைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவள்.
பன்னிரண்டு வருடமாக ரெசின் வாடை என் சோற்றிலும் உண்டு.
‘தொடாதீர்கள்’ என்ற பலகையை வாசித்து முடிக்குமுன்
கை போய்விட்டது.
அலை வந்தால் இந்தப் பலகை விறைத்து நிற்காது.
வளைந்து கொடுக்கும்.
செய்தவன் கடலில் அடிவாங்கியவன்,
தச்சுப்பட்டறையில் மட்டும் இருந்தவன் இல்லை.
ஒரு குமிழ் மட்டும் கொஞ்சம் கோணல்.
அதைப் பார்த்ததும் ஆள் பிடித்துப்போனது.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் வந்தான்.
பிரமநாயகம், வரலாறு, இரண்டாம் ஆண்டு.
மனப்பாடம் செய்ததை நிறுத்தாமல் சொன்னான்:
இதேபோல ஒரு கப்பலில்
இரண்டு பெண்களைப் படுக்கவைத்து
மேலே மண்ணைக் குன்றாகக் குவித்தார்களாம்.
கூடவே கட்டில், வண்டி, குதிரைகள்,
ஒரு வாளி காட்டு ஆப்பிள்.

சுவரில் சாய்ந்திருந்த பிரகாசி நிமிர்ந்தாள்.
“கப்பலோடயா பொதைச்சாவ?”
“கப்பலோடதான்க்கா.”
“ஓட்டக் கப்பலா?”
“நல்ல கப்பல். கடல்ல ஓடினது.”
அவள் உதடு எதையோ கூட்டிக் கழித்தது.
“கடன் இல்லாதவுக” என்றாள்.

பையன் இன்னொன்றும் சொன்னான்,
தாளில் இல்லாததைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி:
புதைக்கும்போது அந்தக் கப்பலைக்
கயிறுபோட்டுப் பெரிய கல்லில் கட்டியிருந்தார்களாம்.
“மண்ணுக்குள்ள எங்கல ஓடப்போவுது அது?”
பிரகாசி சத்தமாகச் சிரித்தாள்.
பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.
பிறகு அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
வெகு நேரம்.

செலஸ்தீன் என் அண்ணன்.
போன ஆடியில், கச்சான் முறுகிய ஒரு விடியற்காலம்,
படகைக் கூட்டப்பனைக்காரர்கள் இழுத்து வந்தார்கள்.
டீசல் பாதி இருந்தது.
தூக்குச்சட்டியில் சோறு அப்படியே இருந்தது.
அவன் இல்லை.
ஆள் கிடைக்காதவனுக்கு ஏழு வருடம் என்கிறது சட்டம்.
வங்கியோ ஏழு நாள்கூடப் பொறுக்கவில்லை.
அணியத்தில் பிளந்திருந்த இடத்தில்
நான்தான் இரண்டு பாய் வைத்து ஒட்டினேன்.
நீலம் ஒத்துவரவில்லை. இப்போதும் தூரத்திலிருந்து தெரியும்.
பத்தாம் நாள் அவள் தம்பி லிகோரி
அதே படகில் சாளைக்குப் போனான்.
அன்றைக்கு நல்ல பாடு.
அதையும் நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்குக் கலெக்டர் ஆபீசில்
படிவத்தில் ஒரு கட்டம்: படகு மீட்கப்பட்டதா?
ஆம் என்று எழுதினேன்.
அடுத்த கட்டத்தை அவர் தானே பேனாவால் அடித்துவிட்டு
“அடுத்த மாசம் வாங்க” என்றார்.

புது பஸ் ஸ்டாண்டில் பிரகாசி
நான் கேட்காமலே அரைக் கிலோ ஆப்பிள் வாங்கினாள்.
விலைகூடப் பேசவில்லை.
கடலில் போடத்தான் என்று நினைத்துப்
பேசாமல் இருந்தேன்.

மூன்றடைப்பு தாண்டியதும் ஒன்றைச் சேலையில் துடைத்துக்
கடித்தாள். இன்னொன்றை என் மடியில் வைத்தாள்.
“தின்னு.
வீட்டுக்குப் போனா
நம்ம பங்குக்கு மிஞ்சாது.”